காலை ஆறு மணிக்கு ஒரு வரி

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வேணாம், வெளிய பாத்து எனக்கு என்ன ஆகப்போகுது. நீங்க கிருஷ்ணகிரி வரைக்குமா? நான் ஓசூரு. காலையில சாத்தூர்ல இருந்து ஒரு பஸ்ஸு, மதுரையில மாறி இது. உடம்புல தெம்பே இல்ல. டெங்கு வந்து எந்திரிச்சு இன்னும் முழுசா ஒரு மாசம் ஆகல.

லீவு சார். ஒரு மாசம் லீவு. அதுக்கு ஏன்யா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கன்னு கேப்பீங்க. லீவு நான் கேக்கல. குடுத்தாங்க. எங்க காலேஜுல எனக்கு லீவு குடுத்துத் தண்டிச்சிருக்காங்க. உலகத்துல எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

பேரு ஞானகுரு. ஒரு பொம்பளப் பிள்ளைங்க காலேஜு, அதுல கம்ப்யூட்டர் பாத்துக்கிற ஆளு. வாத்தியாரு இல்ல. ஆனா காலேஜே என் கையிலதான் ஓடிச்சு. அட்மிஷன் பூராம் நான் செஞ்ச வெப்சைட்டுலதான். பிள்ளைங்க வீட்டுல இருந்தோ பிரௌசிங் சென்டர்ல இருந்தோ விண்ணப்பம் போடும், மார்க்கு வாரியா பட்டியல் வரும், யாருக்கு எந்தப் பாடம்னு அதுவே பிரிக்கும். பதினோரு வருஷம் சார். நான் ஒருத்தன்.

நீங்க பாத்திரக் கடைன்னு சொன்னீங்கள்ல, உங்களுக்குப் புரியுற மாதிரியே சொல்றேன். வெப்சைட்டு செய்யணும்னா எல்லாத்தையும் மொதல்ல இருந்து யாரும் எழுத மாட்டாங்க. அடிப்படையா ஒண்ணு எடுத்துக்கிட்டு அதுமேல கட்டுவாங்க. ஃப்ரேம்வொர்க்குன்னு பேரு. அதுல பெருசும் இருக்கு, சிறுசும் இருக்கு. பெருசு எப்படின்னா உங்க கடையில கல்யாணச் சீர் செட்டு வாங்குற மாதிரி. அண்டா, குடம், குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் சேந்தே வந்துரும், வேணுமோ வேணாமோ. சிறுசு அப்படியில்ல. ஒரே ஒரு சட்டி. அவ்வளவுதான். மத்தது தேவைப்பட்டா நீயே செஞ்சுக்க. நான் எடுத்தது சிறுசு. லைட் வெயிட்டு. எனக்கு அதுதான் புடிக்கும் சார், தேவையில்லாத பாரம் எதுக்கு.

மொத நாள் இன்னும் ஞாபகம் இருக்கு. ஏழு வரி எழுதுனேன். ஏழே வரி. கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் வந்து 'வணக்கம்'னு நிக்குது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அடுப்படியில இருந்த செண்பகத்தைக் கூப்பிட்டுக் காட்டுனேன். செண்பகம் என் வீட்டுக்காரி. கரண்டியோட வந்து பாத்தா. "வணக்கம் மட்டுந்தான் சொல்லுதா?"ன்னு கேட்டா. கேட்டுட்டுப் போயிட்டா. ரசனை கெடையாது சார் அவளுக்கு.

அப்புறம் ஒவ்வொண்ணா சேத்தேன். உள்ள நுழைய பாஸ்வேர்டு வேணும்னாங்க, நானே எழுதுனேன். சாதிச் சான்றிதழ் ஏத்தணும்னாங்க, எழுதுனேன். இடஒதுக்கீடு கணக்கு, ஹாஸ்டல், பஸ் பாஸ், ஹால் டிக்கெட்டு. பெரிய ஃப்ரேம்வொர்க்குல இதுல பாதி ரெடிமேடா இருக்கும்னு சொல்வாங்க. இருக்கட்டுமே, அதை யாரு படிச்சுக்கிட்டு. கடைசியில எண்ணிப் பாத்தா நான் எழுதுனது பதினாலாயிரம் வரி. ஆனா அடிப்படை அதே சின்னச் சட்டிதான். இன்னைக்கும் லைட் வெயிட்டுதான். யார்கிட்ட வேணாலும் சொல்வேன்.

ஒரே ஒரு சின்னச் சங்கடம். இந்த ஃப்ரேம்வொர்க்கோட கூடவே ஒரு குட்டி சர்வர் வரும், நாம எழுதுனதை ஓட்டிப் பாக்குறதுக்கு. அதை ஓட விட்டாலே செவப்பு எழுத்துல ஒண்ணு வரும். 'இது சோதிச்சுப் பாக்க மட்டும், உண்மையான வேலைக்கு இதை வச்சு ஓட்டாதே'ன்னு. சிகரெட் பாக்கெட்டுல படம் போடுறாங்கள்ல, அந்த மாதிரி ஒரு சம்பிரதாயம். நான் அதுலயே ஓட்டுனேன். ஓடிச்சே! ஆனா ஒரு நாள் பூரா ஓடுனா அது களைச்சுப் போயிரும். மறுநாள் வெடியும்போது அப்படியே மலைச்சுப் போய் நிக்கும். ஒண்ணுமில்ல, நிறுத்தி மறுபடி ஓட விடணும். ஒரு வரி கட்டளை. வீட்டுல இருந்தே லேப்டாப்புல அடிக்கலாம். காலை ஆறு மணிக்கு ஒரு வரி. டக்குனு நிமிந்துரும்.

பதினோரு வருஷமா தெனமும் அந்த ஒரு வரியை அடிச்சேன் சார். தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்ச கையோட அடிச்சிருக்கேன். எங்க அப்பா காரியத்தன்னைக்கு மொட்டத் தலையோட ஈர வேட்டியில உக்காந்து அடிச்சிருக்கேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் மறுபூஜை போடுற வரைக்கும் ஆயுதம் எதையும் தொடக்கூடாதுன்னு செண்பகம் லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டும் பூவும் வச்சு சாமி படத்துக்கு முன்னாடி வச்சிருப்பா. அதுக்கு முன்னாடி போய்க் குத்த வச்சு, அந்தப் பூவை ஒதுக்கி விட்டுட்டு அடிப்பேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. மொத ரெண்டு வருஷம் சொன்னா. அப்புறம் விட்டுட்டா.

அதைத் தானா ஓட வைக்க முடியாதான்னு கேக்குறீங்க. முடியும் சார். தெரியாமலா இருக்கேன்? ஏழெட்டு வரி வேலை. அடுத்த சனிக்கிழமை செஞ்சுருவோம்னு வச்சிருந்தேன். சனிக்கிழமைன்னா ஏதாவது வந்துரும். அதுவும் போக, எல்லாம் தானா நடந்தா அதுல பொறுப்புன்னு என்ன இருக்கு சொல்லுங்க. ஒரு ஆளு எந்திரிச்சுப் பாக்கணும் சார். ஆளு பாத்தாதான் அது காலேஜு.

இதுல ஒரே பிரச்சினை, வெளியூரு போக முடியாது. போகலாம், ஆனா ஆறு மணிக்கு சிக்னல் இருக்குற ஊரா இருக்கணும். செண்பகத்துக்குக் கொடைக்கானல் போகணும்னு ஆசை. ரெண்டு நாளு போதும்னா. நான் சரின்னேன். அங்க மழைன்னா நெட்டு போயிரும்னு யாரோ சொன்னாங்க. போகல. அவ தங்கச்சி வீட்டுக் கல்யாணம், ராமேஸ்வரம், கும்பகோணம்னு எல்லாத்துக்கும் அவ மட்டுந்தான் போயிட்டு வருவா. போயிட்டு வந்து லட்டு குடுப்பா.

நாலு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். மதுரையில. காலையில ஆறேகாலுக்கு உள்ள கொண்டு போறோம்னு சொல்லிட்டாங்க. நான் ஆறு மணிக்கு லேப்டாப்பைத் தொறந்தா அந்த வார்டுல சிக்னலே இல்ல. என்னா ஆஸ்பத்திரி சார் அது! அவ்வளவு பெரிய கட்டடம், ஒரு கோடு சிக்னலு கெடையாது. மாடிப்படி ஏறி ஏறி மொட்டை மாடிக்குப் போய், தண்ணித் தொட்டிமேல லேப்டாப்பை வச்சு ஒரு வழியா அடிச்சேன். எறங்கி வந்தா அவளை உள்ள கொண்டு போயிட்டாங்க. கையெழுத்து வேணும்னு தேடிருக்காங்க, என் மச்சினன் முத்துக்காளை போட்டுட்டான். "உள்ள போறப்ப அக்கா உங்களைத்தான் மாமா திரும்பித் திரும்பிப் பாத்துச்சு"ன்னான். நான் என்ன செய்ய, ஆஸ்பத்திரில சிக்னல் இல்லாததுக்கு நானா பொறுப்பு? இன்னைக்கு நெனச்சாலும் அந்த ஆஸ்பத்திரிமேல எனக்குக் கோவமா வருது.

இத்தனை வருஷத்துல ஒரு ஆளு எனக்கு உதவிக்கு வந்ததில்ல. ஒரு ஆளு. மெர்லின் மேடம்னு ஒருத்தங்க கம்ப்யூட்டர் டிபார்ட்மென்டுக்கு வந்தாங்க. "ஞானகுரு சார், ஒரு நாள் எனக்கும் சொல்லிக் குடுங்க, அவசரத்துக்கு நானும் பாத்துக்கிறேன்"னு கேட்டாங்க. அட்மிஷன் முடியட்டும்னேன். மறு வருஷமும் கேட்டாங்க, பரீட்சை முடியட்டும்னேன். அது உதவி இல்ல சார். நோட்டம் விடுறது. எனக்குத் தெரியாதா?

இந்த வருஷம் எம்பொண்ணு தாரணிக்குத் தலைப்பிரசவம். ஓசூர்ல இருக்கா, மாப்பிள்ளைக்கு அங்க கம்பெனில வேலை. தலைப்பிரசவம்னா நம்ம வீட்டுலதான பாக்கணும்? ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அழைச்சிட்டு வரணும். செண்பகம் வெள்ளையடிச்சு, மச்சுல கெடந்த தொட்டிலை எறக்கிக் கழுவி வச்சுட்டா. நான்தான் யோசிச்சேன். பிரசவ தேதி மே மாசம். மே மாசம் அட்மிஷன் தொடங்குது. காலையில ஆறு மணிக்கு வலி வந்துட்டா நான் என்ன செய்வேன்? ஆட்டோ புடிப்பேனா, கட்டளை அடிப்பேனா? அதனால நீயே ஓசூருக்குப் போயிரு, அங்கயே பாத்துக்கங்கன்னு செண்பகத்துக்கிட்ட சொன்னேன்.

அவ தொட்டிலைத் தொடச்சுக்கிட்டிருந்தா. அப்புறம், "சம்பந்தி வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சீங்களா?"ன்னா. என்ன சொல்லுவாங்க, வேலைன்னா புரிஞ்சுக்குவாங்கன்னேன். "சரி, நான் போறேன். ஆனா பிள்ளை பொறந்ததும் நீங்க வரணும். பத்து நாளு. எங்கூட பத்து நாளு வந்து இருங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்"னா. வர்றேன்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன் சார். பொய்யில்ல.

பேரன் பொறந்தான். மே பதினாறு. வீடியோவுல பாத்தேன். அன்னைக்கு விண்ணப்பம் மட்டும் எண்ணூறு வந்துச்சு, எனக்கு நிமிர நேரமில்ல. பத்து நாளைக்கு எங்க போக? அட்மிஷன் முடியட்டும்னேன். அவ "ம்"னா.

ஜூன் மொத வாரம் காய்ச்சல். மாத்திரையப் போட்டுக்கிட்டு ரெண்டு நாளு ஆறு மணிக்கு எந்திரிச்சு அடிச்சேன். மூணாம் நாளு காலேஜு வராண்டாவுல விழுந்துட்டேன். டெங்குன்னாங்க, ரத்தத்துல தட்டணு கொறஞ்சு போச்சுன்னாங்க. விருதுநகர் ஆஸ்பத்திரில கெடந்தேன். பச்சப் பிள்ளைக்காரிய விட்டுட்டு வராத, சாதாரணக் காய்ச்சல்தான்னு செண்பகத்துக்கிட்ட சொல்லச் சொல்லிட்டேன். முத்துக்காளைதான் கஞ்சி கொண்டாந்து குடுத்தான். மூணு நாளு எனக்கு நெனப்பே சரியில்ல. ஆறு மணி, ஆறு மணின்னு பொலம்பிருக்கேன். நர்ஸம்மா ஊசி போடுற நேரத்தைக் கேக்குறேன்னு நெனச்சிருக்காங்க.

நாலாம் நாளு கண்ணு தெளிஞ்சதும் எனக்கு மொத நெனப்பு என்ன தெரியுமா? போச்சு. காலேஜு நாறிப் போயிருக்கும். மூணு நாளா வெப்சைட்டு நின்னிருக்கும், பிள்ளைங்க அழுதுக்கிட்டு வாசல்ல நிக்கும், காலேஜு முதல்வரம்மா எனக்குப் போன் போட்டுப் போட்டு ஓஞ்சு போயிருப்பாங்கன்னு போனைத் தேடுறேன். முத்துக்காளை போனைச் சார்ஜு போட்டுக் குடுத்தான். தொறந்தேன். இருபத்தாறு மிஸ்டு கால். ஒவ்வொண்ணா பாத்தா பூராம் செண்பகம். இருபத்தாறும் செண்பகம். காலேஜுல இருந்து ஒண்ணு இல்ல. யாருமே கூப்பிடல சார். மூணு நாளு ஒரு மனுசன் கெடக்கான், யாருமே கூப்பிடல.

வெப்சைட்டைத் தொறந்து பாத்தேன். ஓடுது. சும்மா ஜம்முனு ஓடுது. அன்னைக்குக் காலையில மட்டும் நூத்திப் பத்து விண்ணப்பம். நான் தப்பா பாக்குறேனோன்னு கண்ணைக் கசக்கிப் பாத்தேன். எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கணும்ல? போர்வைய இழுத்து மூடிக்கிட்டு அழுதேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அழுதேன். பக்கத்து பெட்டுக்காரரு வலியாக்கும்னு நெனச்சு நர்ஸைக் கூப்பிட்டாரு.

டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே காலேஜு. மெர்லின் மேடம் சிரிச்ச மொகமா வந்தாங்க. "ஒடம்பு எப்படி சார் இருக்கு? நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நீங்க விழுந்த மறுநாள் காலையில நின்னுருச்சு. அந்தச் சின்ன சர்வரை எடுத்துட்டு உண்மையான வேலைக்குன்னே இருக்குற ஒழுங்கான சர்வருக்கு மாத்திட்டேன். நின்னாலும் தானா தொடங்கிக்கும். ஏழெட்டு வரிதான் சார். நீங்க எழுதுனதுல ஒரு எழுத்தக்கூட தொடல. ரொம்ப நல்லா எழுதிருக்கீங்க"ன்னாங்க. இனிமே காலையில எந்திரிக்க வேண்டாமாம். நிம்மதியா தூங்கலாமாம்.

எனக்கு எங்கருந்துதான் அப்படிக் கோவம் வந்துச்சோ. உள்ள நுழைய பாஸ்வேர்டு யாரு குடுத்தான்னு கேட்டேன். முதல்வரம்மா ரூமு பீரோவுல ஒரு கவர் வச்சிருந்தேன் சார், அரக்கு வச்சு. மேல 'நான் இறந்துவிட்டால் மட்டும் திறக்கவும்'னு எழுதி, பேரு, தேதி, கையெழுத்து எல்லாம் போட்டு. அதைத் தொறந்துட்டாங்க. நான் உசுரோட விருதுநகர்ல கெடக்கேன், இங்க கவரைத் தொறந்துட்டாங்க! நேரா முதல்வரம்மாகிட்ட போனேன். நான் செத்தாதான தொறக்கச் சொன்னேன், ஒரு போன் போட்டு நான் இருக்கேனா போயிட்டேனான்னு கேட்டிருக்கலாம்லன்னு கத்துனேன். மெர்லின் மேடத்து மேல நடவடிக்கை எடுக்கணும்னு எழுதியும் குடுத்தேன்.

அந்தம்மா பொறுமையா படிச்சாங்க. தண்ணி குடிங்கன்னாங்க. "நீங்க ஒடம்பு முடியாம இருக்கீங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நான்தான் யாரையும் கூப்பிட வேணாம்னு சொன்னேன். பதினோரு வருஷத்துல நீங்க ஒரு நாளுகூட நிம்மதியா லீவு எடுக்கல ஞானகுரு சார். ஒரு மாசம் போயிட்டு வாங்க. வீட்டுக்காரங்ககூட இருங்க"ன்னாங்க. அந்தப் புகார்க் காகிதத்தை என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாங்க. பாருங்க, எப்படி நாசூக்கா ஒதுக்குறாங்கன்னு.

அந்த லீவு தொடங்குறதுக்கு முன்னாடி, டாக்டர் எழுதிக் குடுத்த மெடிக்கல் லீவுல பத்து நாளு வீட்டுலயே கெடந்தேன். ஆறு மணிக்கு முழிப்பு தட்டிரும். எந்திரிச்சு லேப்டாப்பைத் தொறப்பேன். ஓடிக்கிட்டிருக்கும். மூடிட்டு உக்காந்திருப்பேன். அந்த வீட்டுல ஆறு மணிக்கு அப்புறம் என்ன நடக்கும்னே எனக்குத் தெரியல சார். பால்காரரு எத்தனை மணிக்கு வருவாரு, பேப்பர் வருமா வராதா, ஒண்ணும் தெரியல. காப்பித்தூள் டப்பாவ அரை மணி நேரம் தேடுனேன்.

முந்தாநாளு செண்பகத்துக்குப் போன் போட்டேன். வர்றேன்னேன். ஒரு மாசம் லீவு, நீ பத்து நாளுதான கேட்ட, நான் ஒரு மாசம் வந்து இருக்கேன்னேன். துள்ளிக் குதிப்பான்னு நெனச்சேன். சத்தத்தைக் காணோம். லைன் கட்டாயிருச்சோன்னு "ஹலோ, ஹலோ"ங்கறேன்.

"இருக்கேன்"னா. "ஒரு மாசமா?"ன்னா.

ஆமான்னேன்.

"ஒரு மாசம் வந்து என்னங்க செய்வீங்க?"ன்னு கேட்டா. கோவமா கேக்கல சார். கோவமா கேட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்த சத்தம் போட்டிருப்பேன். நெசமாவே தெரியாம கேட்டா. ஒரு வாரம் போதுமே, இங்க எடமும் பத்தாது, நாங்க எல்லாம் ஒரு முறைக்கு வந்துட்டோம், காலையில பிள்ளையக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, தாரணிய சாப்பிட வச்சு எல்லாம் அது அது பாட்டுக்கு நடக்குதுன்னு சொல்லிக்கிட்டே போறா. அப்புறம் நிறுத்திட்டு, "உங்ககூட ஒரு மாசம் என்ன பேசறதுன்னு இப்பத்தான் யோசிச்சுப் பாக்கேன். ஒண்ணும் தோண மாட்டேங்குதுங்க"ன்னா.

பிள்ளைக்காரி வீட்டுல தூக்கம் கெட்டுப் போயிருக்கும், அதான் அப்படிப் பேசுறா. வேறொண்ணும் இல்ல. நான் விடல. ஏன், பேரனை நான் பாத்துக்கிறேன், நீ கொஞ்சம் அசதியப் போக்கிக்கன்னேன். அதுக்கு அவ, "பிள்ளையத் தூக்கத் தெரியுமா உங்களுக்கு?"ன்னா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. நானும் ஒரு பிள்ளையப் பெத்தவந்தாண்டின்னு சொல்லிப் போனை வச்சுட்டேன். வச்சுட்டு உக்காந்து யோசிக்கிறேன், தாரணி பொறந்தப்ப நான் எப்ப தூக்குனேன்னு. அப்ப நான் மதுரையில கம்ப்யூட்டர் கோர்ஸு. வாரம் ஒரு தடவை வருவேன். வந்தா பிள்ள தூங்கிக்கிட்டிருக்கும், எழுப்பிறாதீங்கன்னு செண்பகத்தோட அம்மா சொல்லும். அப்புறம் நடக்க ஆரம்பிச்சுருச்சு. நடுவுல ஒரு நாளு தூக்கிருப்பேன்ல? கண்டிப்பாத் தூக்கிருப்பேன். ஞாபகந்தான் வரல.

தர்மபுரி தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டமா? அப்ப நீங்க எறங்குற எடம் வந்துரும். உங்களுக்குப் பேரப்பிள்ளைங்க மூணுன்னு சொன்னீங்கள்ல. சார், தப்பா நெனைக்காதீங்க. நாப்பது நாளு பிள்ளையை எப்படித் தூக்கணும்? கழுத்து நிக்காதாமே. கைய எங்க குடுக்கணும்? இந்தாங்க, இந்தப் பைய வச்சுக் காட்டுங்க. வேட்டிதான் இருக்கு உள்ள, ஒண்ணும் ஒடையாது.

இந்தக் கை தலைக்குக் கீழயா? சரி. இது இடுப்புக்கா? இப்படியா? இருங்க, இருங்க, எறங்கிறாதீங்க சார். பஸ்ஸு நிக்கட்டும். இன்னும் ஒரே ஒரு தடவை காட்டுங்க.